முகம் தெரியவில்லை என்று சொன்னவனுக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். கடை நலம். உன் தங்கை வீட்டிலும் எல்லோரும் நலம், மாப்பிள்ளைக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், அவர் கட்டுகிற ஆளா. உன் மனைவியும் மகளும் எப்படி இருக்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு வார்த்தையில் அடக்க எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அப்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

கடையில் இரண்டாவது நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. உதவிக்கு இருந்தவன் கண்ணாடிக் கதவு போட்ட பார்லருக்குப் போய்விட்டான், அங்கே கத்தரி பிடிப்பவனுக்கும் கோட்டு கொடுக்கிறார்களாம். வாடிக்கைக்காரர்கள் குறையவில்லை, அவர்கள் தலையில் முடிதான் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் நம் வாயாடியை, உன் மகளைத்தான், கை கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த பிறகே திறக்கிறேன், அதற்குள் இரண்டு பேர் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தரும் ஏன் லேட் என்று கேட்பதில்லை. தெருவுக்கே தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான், அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை எனக்குப் போன் செய்து அழுதாள். நீ அவளிடம் என்னென்ன சொன்னாய் என்று ஒன்று விடாமல் சொன்னாள். உன் மனைவிக்குப் பொறுப்பு இல்லையாம், அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்காதாம், அதுவும் போதாமல் நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டியை வேண்டுமென்றே பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டாளாம். அதனால் பள்ளிக்கூட விடுமுறையோடு பிள்ளையைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமாம், உன் மனைவி வேண்டுமானால் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். உன் தங்கை, "என்னப்பா செய்றது, அண்ணன் ரொம்பக் கோவமா இருக்கான்" என்றாள். நான் சொன்னேன், "அவன் கோவமா இருக்கட்டும், நீ உன் வீட்டு வேலையைப் பாரு" என்று. பிள்ளை எங்கேயும் போகப் போவதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் விட்டாலும் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வண்டியிலிருந்து வருகிறேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அலமாரிதான் வருகிறது என்று நினைத்தேன். இறக்கினால் நாலு கொழுத்த டயர், பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார், யானைக்குட்டி மாதிரி ஒரு வண்டி. ஏ.டி.வி. என்று பெயர் சொன்னாய். நாலு சக்கரம் இருப்பதால் கவிழவே கவிழாது என்று சொன்னாய். இறக்கிப் போட வந்த ஆள் வண்டியைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு, "யாருக்கு சார் வண்டி" என்று கேட்டார், நான் பேத்தியைக் காட்டினேன், அவள் பள்ளிக்கூட உடையில் ஒரு காலில் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் டயருக்கு மேலே ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை விரலால் தட்டினார். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓட்டக் கூடாது, இரண்டு பேர் ஏறக் கூடாது, தலைக்கவசம் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று படம் போட்டுக் குறுக்கே கோடும் போட்டிருந்தது. அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ சிரித்தாய். "எல்லா வண்டியிலயும் அப்படித்தான்பா ஒட்டுவான், கேஸ் வரக்கூடாதுன்னு. வளர்ற பிள்ளை, சின்ன வண்டி வாங்கினா ரெண்டு வருஷத்துல பத்தாம போயிடும்." வளர்கிற பிள்ளைக்குச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாம், தொளதொளவென்று இருந்தால் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். அந்த வண்டி அவளைப் போல ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டிய கனம். உட்கார்ந்தால் பெருவிரல் நுனிதான் கால் வைக்கும் கட்டையில் படும். அவள் சாய்ந்தால் வண்டி சாயாது, வண்டி சாய்ந்தால் அவளால் தாங்க முடியாது.

உன் மனைவி அதை ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் உடம்பெல்லாம் வலியோடு வீட்டுக்கு வருகிறவள், வந்ததும் பிள்ளை முதலில் கேட்பது சாவியைத்தான். அவள் கொடுக்கவில்லை. நீ தினமும் கேட்டாய், "ஓட்டிப் பார்த்தியா, ஓட்டிப் பார்த்தியா" என்று. பிள்ளை அம்மா மேல் புகார் சொன்னாள். நீ உன் மனைவியிடம், நான் இவ்வளவு தூரத்தில் கிடந்து சம்பாதித்து என் பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அதை அனுபவிக்க விடமாட்டாயா என்று கத்தினாய். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கே கேட்டது. மறுநாள் அவள் தானாகப் போய் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தாள், நாடியில் கட்டுகிற வார் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து வாங்கியதாகச் சொன்னாள். அவள் தோற்றது அன்றைக்குத்தான். தோற்றவளும் ஹெல்மெட்டோடுதான் தோற்றாள், அதை நினைவில் வைத்துக்கொள்.

விபத்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது வேறு கதை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் வண்டியை வைத்தோம். பக்கத்து மனைக்காரர் அஸ்திவாரம் தோண்டிய மண்ணை ஒரு மூலையில் மேடாகக் குவித்திருந்தார், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உன் மனைவி செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். நீ போனில் முகம் காட்டினாய். அவள் போனைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை முதல் சுற்று நத்தை மாதிரி ஊர்ந்து வந்தாள், இரண்டாவது சுற்றும் அப்படித்தான். நீ கை தட்டினாய். பிறகு சொன்னாய், "அந்த ஹெல்மெட்டைக் கழட்டும்மா தங்கம், அப்பாவுக்கு உன் முகமே தெரியலை." உன் மனைவி, "வேண்டாங்க, அது இருக்கட்டும்" என்றாள். நான் பின்னாலிருந்து சத்தம் போட்டேன், "ஓட்டும்போது எதுக்குடா கழட்டச் சொல்றே, நிறுத்திட்டு அப்புறம் முகத்தைப் பாரு" என்றேன். நீ, "அப்பா, நீங்க சும்மா இருங்க, ஒரே ஒரு ரவுண்டு" என்றாய். பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நீ சொல்லி முடிப்பதற்குள் வாரை அவிழ்த்துவிட்டாள். அப்பா முகம் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால் அவளுக்கு வேறு என்ன வேண்டும்.

அந்த வண்டி கட்டைவிரலால் அழுத்தினால் ஓடுகிற வண்டி. திரும்பி வரும்போது உன்னைப் பார்த்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். ஒரு கையை எடுத்ததும் பிடி தளர்ந்துவிடக் கூடாது என்று இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருப்பாள், கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தியிருக்கும். வண்டி ஒரே பாய்ச்சலாகக் கோட்டைத் தாண்டி மேட்டில் ஏறியது. முன் சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. பிறகு அப்படியே பின்பக்கமாக அவள் மேலேயே விழுந்தது. நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்ற வண்டி நாலு சக்கரமும் மேலே சுழல மல்லாந்து கிடந்தது, அடியில் உன் பிள்ளையின் ஒரு செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நானும் உன் மனைவியும் தூக்கினோம், அசையவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் தன் வண்டியை அப்படியே தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தார், கட்டட வேலைக் காவல்காரரும் வந்தார், நாலு பேர் சேர்ந்து புரட்டிய பிறகுதான் முகம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உன் போன் வந்தது. உயிர் இருக்கிறதா என்று கேட்டாய், அதைப் பெற்றவன் எவனும் கேட்பான். அடுத்தது உன் மனைவியிடம் கேட்டாய், "நீ எங்கடி பார்த்துட்டு இருந்தே?" அவள் சட்டை முழுக்க ரத்தம். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் சொல்கிறேன். உன் முகம் இருந்த போனை உன் பிள்ளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நீ பார்ப்பதற்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. "டாக்டர் கூப்பிடுறார்" என்று வைத்துவிட்டாள். டாக்டர் அப்போது கூப்பிடவே இல்லை.

தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். தோள்பட்டை எலும்பும் விலாவில் இரண்டும் உடைந்திருந்தன, அதெல்லாம் அப்புறம் என்றார்கள். முடியை எடுக்க நர்ஸ் மெஷினோடு வந்தார். நான் எடுக்கிறேனம்மா, எனக்குத் தொழிலே அதுதான், இவள் தலையில் வேறு யாரும் இதுவரை கத்தரி வைத்ததில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினைக் கையில் கொடுத்தார். வழக்கமாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் அது ஏன் தாத்தா, இது ஏன் தாத்தா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பேசி என்னைப் பாடாய்ப் படுத்துகிறவள், அன்றைக்குக் கொஞ்சமும் ஆடாமல் கிடந்தாள். அவ்வளவு சுலபமாக நான் யாருக்கும் முடி எடுத்ததில்லை.

நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், கிடங்கில் கணக்கெடுப்பு என்றாய், பிறகு பதவி உயர்வு வரும் நேரம் என்றாய். உயர்வு வந்துவிட்டது என்று உன் தங்கை போட்டோ காட்டினாள், நீ கேக் வெட்டிக்கொண்டிருக்கிறாய், நன்றாக இருக்கிறாய், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறாய், நடக்கப் போ. பிள்ளைக்கு ஆள் உயரத்தில் ஒரு கரடி பொம்மை அனுப்பியிருந்தாய். கதவு வழியாக நுழையவில்லை, பக்கவாட்டில் திருப்பித் தள்ளினோம். அவள் அதைப் பார்த்துப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள், பெரிதாக எது கிட்டே வந்தாலும் இப்போது அவளுக்கு அப்படித்தான். அந்தக் கரடி இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தால் யாரோ விருந்தாளி வந்திருப்பது போல இருக்கிறது.

இடது கை இன்னும் சரியாகப் பிடிப்பதில்லை. சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது, உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். வார்த்தைகள் சட்டென்று வருவதில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு அதற்குப் பெயர் தேடுகிறாள், கிடைக்கவில்லை என்றால் கோபம் வந்து கையில் இருப்பதை எறிகிறாள், எறிந்துவிட்டு அழுகிறாள். வாயாடி என்று கூப்பிட எனக்கே நாக்கு எழவில்லை, ஆனால் கூப்பிடாமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மதியம் வரைக்கும் போகிறாள். வீக்கம் வற்றுவதற்காக மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறார்கள், அடுத்த ஆபரேஷனில்தான் திரும்பப் பொருத்துவார்களாம். அதுவரைக்கும் அந்த இடத்தில் தோல் மட்டும்தான். அதனால் கட்டிலை விட்டு இறங்கினாலே, குளியலறைக்குப் போவதென்றாலும், தலைக்குக் கவசம் போட வேண்டும். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்று சொல்கிறோமே, அவள் தூங்குவதில்லை. வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள், "இதோட வந்தா அப்பாவுக்கு முகம் தெரியாது தாத்தா. கழட்டினா டாக்டர் திட்டுவார்."

இன்னொன்று கேள். நினைவு திரும்பிக் கொஞ்சம் பேச ஆரம்பித்ததும் பெரிய டாக்டர், ஹெல்மெட் இருந்தும் ஏன் போடவில்லை என்று சும்மா விசாரித்தார். உன் பிள்ளை உன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேர்த்துச்சு, நானே கழட்டிட்டேன்" என்றாள். கதவுக்குப் பெயர் கிடைக்காத பிள்ளை அந்தப் பொய்யை மட்டும் ஒரு வார்த்தை தட்டாமல் சொன்னாள். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதே பொய்யைத்தான் பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருக்கிறாள், பார்க்க வருகிறவர்களிடமும் சொல்கிறாள், இப்போது அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் என்னிடம், "நான் வண்டியை உடைச்சிட்டேன்ல, அதான் அப்பா வரலை" என்றாள். நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். கடை திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வண்டியைப் பற்றிக் கேட்டாயல்லவா. அது உடையவே இல்லை. ஹேண்டில்பார் லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தெருவில் இருக்கும் காண்டிராக்டர் நேரில் வந்து நல்ல விலைக்குக் கேட்டார், அவர் பையனுக்கு ஒன்பது வயது. பணம் ஆஸ்பத்திரிக்கு ஆகுமே என்று நானே அரை மனதாக இருந்தேன். உன் மனைவி, "உங்க பையன் ஓட்டவா?" என்று கேட்டாள். ஆமாம், நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன் என்றார் அவர். "நாங்களும் கூடவேதாங்க இருந்தோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் லீவு போட்டு ஒரு வேன் பிடித்தாள், நானும் ஏறிக்கொண்டேன். பழைய இரும்புக் கடைக்காரர், இது ஓடுகிற வண்டியம்மா, அப்படியே முழுசாக விற்றுத் தருகிறேன், இரண்டு மடங்கு கிடைக்கும் என்று மன்றாடினார். இவள் கேட்கவில்லை. "என் கண்ணு முன்னாடி அறுங்க, அப்புறம் போறேன்" என்றாள். வண்டியின் இரும்புச் சட்டம் இரண்டாக அறுபட்டு விழும்வரை தீப்பொறி பறக்கிற இடத்தில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். இதைத்தான் வேண்டுமென்றே செய்தாள் என்று நீ சொல்கிறாய். வேண்டுமென்றேதான் செய்தாள். நம் வீட்டில் ஒருத்தராவது வேண்டுமென்றே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

குணமானதும் சின்ன சைஸில் பாதுகாப்பானதாக வேறு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று நீ உன் தங்கையிடம் சொன்னதையும் கேட்டேன். அந்தப் பேச்சு இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மறுபடி ஒரு லாரி வந்தால் நான் கத்தரியோடுதான் வாசலில் நிற்பேன், டயரில் குத்த அது போதும்.

உன்னைத் திட்டித் தீர்ப்பதற்கு மட்டும் எழுதவில்லை. பிள்ளை உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறாள். உன் மனைவி உன் மரியாதை போகக் கூடாது என்று இத்தனை மாதமும் வாயைத் திறக்கவில்லை, அவள் மேலேயே நீ பழி போட்ட பிறகும் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உன்னை மூடி வைத்திருக்கிறார்கள், நீ உள்ளே சுகமாக இருக்கிறாய். "கழட்டச் சொன்னது நான்தான், உன் மேல தப்பு இல்லை" என்று நீ அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல், வலது கையைப் பிடி, இடது கையைப் பிடித்தால் அவளுக்குச் சரியாகத் தெரியாது. நீ வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன். உன் வாயிலிருந்து வந்தால் அது மன்னிப்புக் கேட்பது. என் வாயிலிருந்து வந்தால் அது கோள். எது அவள் காதில் விழ வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு முடி கொட்டுவதற்கு விளம்பரத்தில் வருகிறதையெல்லாம் தேய்க்காதே, இருப்பதும் போய்விடும். உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு. பெற்றவனால் ஆசியை நிறுத்தி வைக்க முடியுமென்றால் இந்த நாலு மாதமும் நான் நிறுத்தித்தான் வைத்திருப்பேன்.

மறக்காதே, ஆபரேஷன் அடுத்த மாதம் கடைசி வாரத்தில். முந்தின நாளே சேர்த்துவிட வேண்டும், மறுநாள் காலையில் முதல் ஆளாக அவளை உள்ளே கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்பே, அவள் கண் விழித்திருக்கும்போது வந்து சேர்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திராமல், உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா